காதர்பேட்டை நூறு ரூபாய் டீசர்ட்: பிரித்துப் பார்த்த கணக்கு

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை பின்னலாடைச் சந்தை. ஜட்டி, பனியன், டீசர்ட், லெக்கின்ஸ், டிராக் பேண்ட், குழந்தை உடுப்பு என்று பின்னலாடையில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் குவியல் குவியலாகக் கிடக்கும். ஒரு பக்கம் கேரளத்துக் கடைக்காரர் மூட்டை கட்டுவார், இன்னொரு பக்கம் குடும்பத்தோடு வந்தவர்கள் பொங்கலுக்கு அள்ளிக்கொண்டிருப்பார்கள். இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு பொருளை: ரவுண்ட் நெக், அரைக்கை, எல் சைஸ், "காட்டன், எக்ஸ்போர்ட் பீஸுங்க்ணா" என்று சொல்லி நூறு ரூபாய்க்கு விற்கிற டீசர்ட்.

நல்லதா, கெட்டதா என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. காரணம், நூறு ரூபாய் டீசர்ட் என்பது ஒரு பொருளே அல்ல. நாலு வெவ்வேறு பொருள்கள் ஒரே மேசையில் ஒரே விலையில் கிடக்கின்றன. எது எது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு அது நாலு வருடம் உழைக்கும். தெரியாதவருக்கு நாலாவது துவையலில் கழுத்து தொங்கிவிடும். பிரிக்கக் கற்க, முதலில் நேர்மையாகத் தைத்த டீசர்ட் என்ன விலைக்கு விளையும் என்று தெரிய வேண்டும்.

ஒரு கிலோ துணியிலிருந்து ஆரம்பிப்போம். 30 கவுண்ட் கோம்டு நூல் (சீவிச் சுத்தம் செய்த பஞ்சில் நூற்றது) கிலோ 260 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மாதாமாதம் மாறும், கணக்கு மாறாது. நிட்டிங் கூலி 14, நடுத்தர ஷேடு சாயத்துக்கு 110, துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பாக்டிங் 10. மொத்தம் 394. சாயப்பட்டறைக்குப் போய் வருகிற துணி எடை குறைந்துதான் வரும். ஏழு சதவீதம் கழிவு என்று போட்டால் தயாரான துணி கிலோ 420 ரூபாய்ச் சுமாருக்கு நிற்கும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) எல் சைஸ் டீசர்ட்டுக்கு, கட்டிங் வேஸ்ட் உட்பட, 200 கிராம் துணி போகும். ஆக துணிக்கு மட்டும் 84, 85 ரூபாய்.

அடுத்தது தையல். தோள் ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றித் தைப்பது), கழுத்து ரிப் (இழுபடும் பட்டை) பிடிப்பது, கழுத்து டேப், கை ஏற்றுவது, சைடு ஓவர்லாக், கைமடிப்பும் அடிமடிப்பும் பேட்லாக் (மடித்த ஓரத்தைத் தட்டையாகத் தைப்பது), லேபிளுக்கு சிங்கர் (நேர்த்தையல் மெஷின்). சாதாரண டீசர்ட்டுக்கு மெஷின் நேரம் ஏழு நிமிடம் என்று வைக்கலாம். ஆனால் நூல் அறுவது, வெட்டிய துண்டுகளின் பண்டில் வராமல் காத்திருப்பது, ஊசி மாற்றுவது எல்லாம் சேர்ந்து லைனில் 55 சதவீத வேகம்தான் வரும் என்றால், ஒரு பீஸுக்கு உண்மையில் போகிற ஆள் நேரம் பன்னிரண்டரை நிமிடத்துக்கு மேல். டெய்லருக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட் சம்பளம் 550 என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் பதினைந்து பைசா, பீஸுக்கு 15 ரூபாய். கட்டிங், கைமடி (டெய்லருக்கு உதவுகிறவர்), பிசிர் வெட்டு, செக்கிங், அயர்னிங், பேக்கிங் சேர்த்து இன்னொரு 12. கரண்ட், வாடகை, சூப்பர்வைசர் 5. நூல், லேபிள், பாலி கவர் 6.

இதுவரை 123. ரிஜெக்ட், வட்டி, கம்பெனி லாபம் எல்லாம் சேர்த்து 12 போட்டால், 135 ரூபாய்க்குக் குறைந்து இந்த டீசர்ட் கம்பெனி வாசலைத் தாண்ட முடியாது. அதன்மேல் ஏற்றுக்கூலி, 5 சதவீத ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் ஏற வேண்டும். காதர்பேட்டை மேசையில் அது நூறு ரூபாய்க்குக் கிடக்கிறது என்றால், கடைக்காரர் அதை 75, 80க்குத்தான் எடுத்திருக்க முடியும். கம்பெனி வாசலிலேயே 55 ரூபாய் காணவில்லை.

அந்த 55 எங்கே போனது என்று கேட்டால் கையில் இருப்பது நூறு ரூபாய் டீசர்ட்டில் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

"கூலியில் அடிச்சிருப்பாங்க" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. பாதி ஏன் என்றால், தையல் கூலியை முழுவதுமாக, 15 ரூபாயையும் கொடுக்காமல் விட்டால்கூட 55 வராது. உண்மையாக இருக்கிற பாதி என்னவென்றால், இந்தக் கணக்கில் அமுக்கினால் அமுங்குகிற ஒரே வரி கூலிதான். நூல் விலையை மில் சொல்லும். 2022 மே மாதம் ஒரே அடியில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினார்கள். ஊரே இரண்டு நாள் கடையடைத்ததுதான் மிச்சம். சாயப்பட்டறை, பில் கட்டாமல் துணியை வெளியே விடாது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் நொய்யல் மாசுக்காக எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடச் சொன்னது. பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதிக்கு உட்பட்டு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அந்தச் சுத்திகரிப்புச் செலவு சாயக் கூலிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கரண்ட் பில்லும் கெஞ்சினால் குறையாது. ஆர்டர் விலை இறங்கும்போது மிச்சம் இருப்பது மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்தான்.

அமுக்குவது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது தையலிலேயே தெரியும். திருப்பூரில் ஒரு நாள் வேலை என்றால் பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு இரட்டைக் கூலி. 550 ஷிஃப்ட் சம்பளத்துக்கு நாலு மணி நேர ஓவர்டைம் 550 ஆகிறது, ஆக நாளுக்கு 1,100. ஊர் வழக்கத்தில் அந்த நாலு மணி நேரம் "அரை ஷிஃப்ட்", அதாவது 275. கையில் வருவது 825. அதே ஆள், அதே நாள், 275 ரூபாய் குறைவு. பெயரை "அரை ஷிஃப்ட்" என்று வைத்ததிலேயே வேலை முடிந்துவிட்டது!

இன்னொரு வழி, கம்பெனிக்குள் தைக்காமல் பத்து மெஷின் போட்ட பவர்டேபிளுக்கு பீஸ் ரேட்டில் கொடுத்துவிடுவது. 2021ல் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் நாலு வருடத்துக்கு 32 சதவீத உயர்வு, முதல் வருடமே 19 சதவீதம் என்று முடிவானது. 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது, ஒப்பந்தம் போடுவது புதிதல்ல. ஆனால் முட்டுச்சந்துக்குள் ஷீட் கொட்டகையில் ஓடுகிற பவர்டேபிளில் அந்தத் தாளைக் காட்டி யாரும் கூலி கேட்க முடிவதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமும் அங்கே அநேகமாக இருக்காது. பீஸ் ரேட் குறையும்போது டெய்லர் செய்யக்கூடியது ஒன்றுதான்: வேகமாக ஓட்டுவது. வேகத்துக்காகத் தையலை நீளமாக வைத்து ஓட்டினால் இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல் விழ வேண்டிய இடத்தில் எட்டு விழும், அடிமடிப்பில் தையல் தாண்டும், வளைவில் துணியை இழுத்துப் பிடித்து ஓட்டியது கழுத்தில் அலையாகத் தெரியும். குறைந்த கூலியை டீசர்ட்டின் உள்பக்கத்தில் படிக்கலாம் என்பது இதனால்தான். வாங்குவதற்கு முன் கட்டாயம் உள்ளே திருப்பிப் பாருங்கள்.

முதலாளி பக்கத்துக் கணக்கையும் போடாமல் விட்டால் நியாயம் இல்லை. ஆள் கூலி மொத்தம் 27 ரூபாயில் பத்து சதவீதம் ஏற்றினால் பீஸுக்கு 2.70. வாங்குகிறவருக்கு அது ஒரு டீக்குக்கூட ஆகாத காசு. ஆனால் ஏற்றுமதி விலையை பையர் (ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்) ஆறு மாதம் முன்பே சென்ட் கணக்கில் முடித்துவிடுகிறார். 135ல் ஐந்து சதவீத லாபம் என்றால் 6.75. அதில் 2.70 போனால் லாபத்தில் நாற்பது சதவீதம் போச்சு. கூலியை ஏற்ற முடியாது என்று முதலாளி சொல்வது பொய்யல்ல. பொய் என்னவென்றால், அந்த 2.70ஐ பையரிடம் கேட்டே பார்க்காமல் டெய்லரிடம் "முடியாது" என்பது.

சரி, மேசைக்கு வருவோம்.

முதல் வகை, உண்மையான எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் டேமேஜுக்காக மூன்று முதல் ஐந்து சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். டேமேஜ் போக மிஞ்சுவது நூறோ இருநூறோ. அந்த டிசைனில் அவ்வளவுதான் உலகத்தில் உண்டு. சைஸும் உடைந்து கிடக்கும்: எக்ஸ்எஸ் நிறைய, டபுள் எக்ஸ்எல் கொஞ்சம், எல் இருந்தால் அதிர்ஷ்டம். கழுத்து லேபிள் பாதியில் கத்தரித்திருக்கும், அல்லது பிரிண்ட் லேபிள் மேல் கறுப்பு அடித்திருக்கும். சைடு தையலுக்குள் நாலைந்து மொழியில் வாஷ்கேர் லேபிள் தொங்கும். எனவே கடைக்காரர் "எத்தனை வேணும்னாலும் தர்றேன், எல்லா சைஸும் இருக்குங்க" என்றால் அது சர்ப்ளஸ் இல்லை. பெரிய பிராண்டு லேபிள் முழுசாக, பளபளவென்று, பத்து கலரில் வரிசையாக அடுக்கியிருந்தால் அந்த லேபிள் தனியாக அச்சடித்தது. அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

சர்ப்ளஸ் டீசர்ட் நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் கேள்வி கேட்காமல் எடுக்கலாம். அந்த 55 ரூபாயை ஆர்டர் விலையிலேயே எடுத்துவிட்டார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அது மேசையில் பத்தில் ஒன்றுகூடத் தேறுவது கஷ்டம்.

இரண்டாவது வகை செகண்ட்ஸ், செக்கிங்கில் கழித்த பீஸ். இதில் வாங்கலாம், வாங்கவே கூடாது என்ற இரண்டு ரகம் உண்டு. எண்ணெய்க் கறை, பிரிண்ட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது, அளவு அரை இஞ்ச் கூடக் குறைய இருப்பது, துணியில் வேறு நிறப் பஞ்சு இழை விழுந்தது: இவை கண்ணுக்குத்தான் குறை, உழைப்புக்கு இல்லை. ஊசி ஓட்டை வேறு கதை. மழுங்கின ஊசி, அல்லது சாஃப்ட்னர் போதாமல் வறண்ட துணி, நூலை ஒதுக்காமல் அறுத்துவிடும். கடையில் பார்க்கும்போது தையல் ஓரத்தில் புள்ளிகூடத் தெரியாது. இரண்டு துவையலில் வரிசையாக ஓட்டை விழும். தோள் தையலையும் சைடு தையலையும் இரண்டு கட்டைவிரலால் நன்றாக இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் கீழே வையுங்கள். லைக்ரா (இழுபடும் இழை) கலந்த துணியில் லைக்ரா அறுந்து ஓடிய கோடும் அப்படித்தான், போகப்போக அகலும்.

ஷேடு மாற்றம் இன்னொன்று. முன்பக்கம் ஒரு லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி), கை வேறு லாட் என்று வந்தால் டியூப்லைட்டில் தெரியவே தெரியாது. வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பாருங்கள், கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மூன்றாவது வகைதான் இன்றைக்கு மேசையில் அதிகம் பேச வேண்டியது: ஸ்டாக்லாட். ஆர்டர் கேன்சல் ஆனது, பையர் ஹோல்டில் போட்டது, பாதியில் நின்றது, கம்பெனியே பூட்டியது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டி ஏற்றுமதி செய்கிற ஊர், அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அமெரிக்காவுக்குப் போவது. 2025 ஆகஸ்ட் 7ல் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது, அதே மாதம் 27ல் அது 50 ஆனது. ஐந்து சதவீத லாபத்தில் ஓடுகிற தொழிலில் ஐம்பது சதவீத வரியை யார் சுமப்பது? தைத்து முடித்த சரக்கு கார்ட்டனிலேயே நின்றது. இதற்கு முன் 2020ல் கொரோனாவின்போதும் இப்படித்தான் நின்றது.

வெளியூர்ச் செய்தியில் "தொழிற்சாலைகள் மூடல்" என்று வந்தால் பெரிய கேட்டில் பூட்டுத் தொங்குகிற படம் போடுவார்கள். திருப்பூரில் மூடுவது அப்படி இல்லை. முதலில் ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆகும். வாடகையும் சாப்பாடும் ஒன்றரை ஷிஃப்ட் வருமானத்தை நம்பி ஓடுவதால், அப்போதே பாதிப் பேர் வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு வாரத்துக்கு நாலு நாள். கேட்டில் எப்போதும் தொங்குகிற "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி ஆட்கள் தேவை" பலகை காணாமல் போகும். சனிக்கிழமைச் சம்பளம் திங்களுக்குத் தள்ளும், பிறகு அடுத்த வாரத்துக்கு. ஒரு நாள் போனால் ஷட்டர் இறங்கியிருக்கும். பெரும்பாலும் மூடுவது ஏற்றுமதிக் கம்பெனி அல்ல, அதற்கு ஜாப் ஒர்க் செய்கிற, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற, இருபது, முப்பது மெஷின் யூனிட். எக்ஸ்போர்ட்டருக்கே பணம் மூன்று மாதம் கழித்து வந்தால் ஜாப் ஒர்க்காரருக்கு எப்போது வரும்? அவரோ வாராவாரம் சம்பளம் போட வேண்டியவர். அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கி அடைக்கிறவரைதான் யூனிட் ஓடும்.

2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி, 2020ல் ஊரடங்கு, 2022ல் நூல் விலையும் மின் கட்டணமும், 2025ல் வரி. ஒவ்வொன்றிலும் கீழ்வரிசை யூனிட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தன. உள்நாட்டுச் சந்தைக்குத் தைப்பவர்களுக்கு, வரியில்லாமல் இறங்குகிற வங்கதேச உடுப்போடும் போட்டி. 2025 மே மாதம் அதன் தரைவழி இறக்குமதியை நிறுத்தி, கொல்கத்தா, நவ சேவா துறைமுகம் வழியாக மட்டும் என்று இந்தியா மாற்றியபோது கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

மூடின யூனிட்டின் மெஷின்கள் பழைய மெஷின் கடைக்குப் போகும். மிச்சத் துணி ரோல் கிலோ கணக்கில், நூல் கோன் மூட்டைக் கணக்கில். தைத்ததும் தைக்காததுமாகக் கிடக்கிற டீசர்ட்டுகளை ஸ்டாக்லாட்காரர் வந்து, எண்ணக்கூடப் பொறுமையில்லாமல், மொத்தமாக ஒரு விலை சொல்லி ஏற்றிப்போவார். காணாமல்போன 55 ரூபாய் இதில்தான் இருக்கிறது: கொஞ்சம் முதலாளியின் முதல், கொஞ்சம் சாயப்பட்டறைக்கு வர வேண்டிய பாக்கி, கடைசி வாரச் சம்பளம் வராமல் போன ஆட்களின் காசு.

கம்பெனி மூடினால் ஆட்கள் சட்டப்படி கேட்கக்கூடியது ஒன்றும் இல்லாமல் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை ஆள்குறைப்பில் அனுப்பினால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அதனால் பெருக்கினால் தொகை. சிக்கல், அங்கே வேலை செய்தோம் என்று நிரூபிப்பது. பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, வங்கியில் விழுந்த சம்பளம், குறைந்தபட்சம் பெயர் எழுதின சம்பளக் கவர், இதில் ஏதாவது ஒன்று வேண்டும். காண்ட்ராக்டர் கையில் காசு வாங்கியவருக்கு இதில் எதுவும் இருக்காது. சம்பளக் கவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்று தொழிற்சங்கக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

பொருளாகப் பார்த்தால் ஸ்டாக்லாட் டீசர்ட்தான் காதர்பேட்டையில் கொடுத்த காசுக்குச் சிறந்தது. துணி நல்ல 180 ஜிஎஸ்எம், சாயம் ஏற்றுமதித் தரம், சைஸ் வரிசையும் உடையாமல் இருக்கும். ஒரே ஆபத்து, சரக்கு பாதியில் நின்றதால் கடைசி செக்கிங் நடந்திருக்காது. நல்லதும் கழித்ததும் ஒரே கார்ட்டனில் கலந்திருக்கும். மறுவிற்பனைக்கு எடுப்பவர்கள் கார்ட்டனின் மேல் பத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கக்கூடாது. நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவிப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து டேமேஜ் வரும் என்று கணக்கில் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பிரித்த பிறகு திரும்பக் கொடுக்கிற பேச்சே கிடையாது.

நாலாவது வகை, மேசைக்கென்றே தைத்தது. இதுதான் பெரும்பாலான குவியல். கட்டிங் வேஸ்ட்டை மறுபடி பஞ்சாக்கி ஓபன் எண்ட் மில்லில் நூற்ற நூல், அல்லது பாலியெஸ்டர் கலப்பு. 130, 140 ஜிஎஸ்எம். காம்பாக்டிங் பெயருக்கு. பவர்டேபிளில் மூன்று நூல் ஓவர்லாக்கில் ஓட்டியது. 150 கிராம் துணி, கிலோ 300 என்றால் 45, தையலும் மற்றதும் 16, லேபிள் கவர் 4. அறுபத்தைந்து ரூபாயில் முடிந்துவிடும். நூறுக்கு விற்றாலும் எல்லோருக்கும் லாபம், தைத்தவரைத் தவிர.

இதைக் கண்டுபிடிக்கக் கையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். 180 ஜிஎஸ்எம் எல் சைஸ் டீசர்ட் 150 முதல் 165 கிராம் இருக்கும். 120 கிராம் காட்டினால் துணி 140 ஜிஎஸ்எம். தராசு இல்லையென்றால் கையை உள்ளே விட்டு விரித்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் விரல் இடுக்கு தெளிவாகத் தெரிந்தால் மெல்லிசு. கலப்பா என்று அறிய, உள்தையலில் தொங்குகிற துணிப் பிசிறைக் கொஞ்சம் பிய்த்து வெளியே வந்து கொளுத்துங்கள் (பஜாருக்குள் வேண்டவே வேண்டாம், 2023 ஜூனில் இங்கே தீப்பிடித்து ஐம்பது கடைக்கு மேல் எரிந்திருக்கிறது). காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர். தையல் நூலைக் கொளுத்திப் பார்த்து ஏமாறாதீர்கள், நல்ல காட்டன் டீசர்ட்டிலும் தையல் நூல் பாலியெஸ்டர்தான்.

முறுக்கலும் இந்த வகையின் நிரந்தர நோய். இரண்டு துவையலுக்குப் பிறகு சைடு தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்து நிற்கும். சிங்கிள் ஜெர்சியில் (டீசர்ட்டின் வழக்கமான பின்னல் துணி) நூலின் முறுக்கம் தளராமல் வெட்டித் தைத்ததன் விளைவு அது. கடையிலேயே தெரிந்துகொள்ளலாம்: துணியின் நெடுக்கு வரிகள் சைடு தையலுக்கு இணையாக ஓடுகின்றனவா என்று கண்ணருகே வைத்துப் பாருங்கள். சாய்ந்து ஓடினால், துவைத்ததும் சுற்றும். கழுத்து ரிப்பை இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்கு வந்தால் லைக்ரா இருக்கிறது. மெதுவாக, வேண்டா வெறுப்பாகத் திரும்பினால் மூன்று மாதத்தில் தொங்கிவிடும். கறுப்பு, நேவி, மெரூன் எடுக்கும்போது நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் பத்துத் தேய் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் மற்றத் துணியோடு ஊறவைக்க முடியாது.

கடைகளின் சேவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போட்டுப் பார்க்க இடம் கிடையாது என்று நினைத்துக்கொண்டே போங்கள், இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். எல் என்று எழுதியிருப்பதை நம்பாமல் அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்தால் 20 முதல் 21 இஞ்ச், உயரம் 28 இருக்க வேண்டும். மேசைக்கென்று தைத்த டீசர்ட் நீளத்தில் எட்டு, பத்து சதவீதம்கூடச் சுருங்கும் என்பதால் 28 இஞ்ச் 26க்கும் கீழே வந்து நிற்கும், அதற்கு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். பேரம் உண்டு, ஆனால் ஒரு பீஸுக்குப் பேசுவதில் பயனில்லை, பத்து பீஸ் என்றால் முகம் மாறும். மறுவிற்பனைக்காரர்கள் பில் கேட்டு வாங்குங்கள், வழியில் வண்டியை நிறுத்தினால் காட்ட வேண்டியிருக்கும். பேச்சில் கடைக்காரர்கள் இதமானவர்கள், "வாங்கக்கா, பாருங்கக்கா, பார்க்கக் காசில்லீங்க" என்பதில் குறை வைக்கமாட்டார்கள். ஆனால் எது சர்ப்ளஸ், எது மேசைச் சரக்கு என்று கேட்டால் எல்லாமே எக்ஸ்போர்ட்தான். மேசைச் சரக்கை எண்பதுக்கு மேல் வாங்காதீர்கள். ஊசி ஓட்டை இல்லாத செகண்ட்ஸுக்கு நூறு சரி. ஸ்டாக்லாட் என்று உறுதியாகத் தெரிந்தால் நூற்று இருபது கேட்டாலும் கொடுக்கலாம்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கட்டிங் மேசையில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சின்ன நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் துணியின் ஒரே அடுக்கிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதற்காக. செக்கிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பிசிரோடு அதையும் உரித்துவிடுவார்கள். டீசர்ட்டை உள்ளே திருப்பும்போது அந்த ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது செக்கிங் மேசைக்குப் போய்ச் சேரவில்லை, அதற்கு முன்பே கம்பெனி நின்றுவிட்டது. முன்பக்கத்து நம்பரும் கையில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்து உரித்தால் பசை நிற்காது.